மூன்றாவது முடிச்சு: தேயிலைத் தோட்டத் திருமணங்களில் உறவும் பொறுப்பும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம் பார்த்தவர்கள் இந்தக் கணத்தை அறிவார்கள். மாப்பிள்ளை தாலிக்கயிற்றைப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முதல் முடிச்சைப் போடுகிறார். பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு நிற்கும் மாப்பிள்ளையின் அக்கா, விளக்கைப் பக்கத்தில் நிற்பவளிடம் கொடுத்துவிட்டுக் குனிகிறாள். ஈரமஞ்சள் பூசிய கயிறு வழுக்கும். அவள் நகத்தால் இழுத்துப் பிடித்து, மீதி முடிச்சுகளையும் இறுக்கிவிட்டு நிமிர்கிறாள். அதற்குள் கெட்டிமேளம் முழங்கி, மஞ்சள் அரிசி தலைகளில் விழுந்து முடிந்திருக்கும். எல்லோருடைய பார்வையும் மாப்பிள்ளை மேலும் பெண் மேலும்தான். அந்த நாத்தனாரின் விரல்களைப் பார்ப்பவர் குறைவு. ஆனால் அவள் போட்ட முடிச்சும் சேர்ந்தால்தான் தாலி கட்டியாயிற்று என்பது கணக்கு.

மணமக்கள் இருவர் மட்டும் நின்று முடித்துக்கொள்ள முடியாதது தமிழர் திருமணம். மாமன், நாத்தனார், மச்சான், மூத்த சுமங்கலிகள், சம்பந்திகள், பங்காளிகள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு நேரம், ஓர் இடம் உண்டு. கிராமத்தில் பிறந்து கிராமத்திலேயே வாழ்கிறவர்களுக்கு அந்த ஆட்கள் அடுத்த தெருவில் இருப்பார்கள். கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, மலையில் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் அடைக்கப்பட்டவர்களுக்கு அவர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள்? மலையகத் திருமணத்தின் வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முறைக்காரர் இல்லாத இடத்தில் பொறுப்பை ஏற்றவரை முறைக்காரராக்கிக்கொண்டு, இந்த மக்கள் தங்களுக்கென்று ஓர் ஊரைக் கட்டினார்கள். இக்கட்டுரை விளக்க முயல்வது அதைத்தான்.

கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும்

1823இல் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியவில் தொடங்கிய கோப்பித் தோட்டத்தோடு மலையகத் தமிழரின் வரலாறு தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்கு ஆள் தேவை. பறித்து முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்து, உயிர் மிஞ்சினால் அதே வழியில் திரும்பினார்கள். அவர்களுடைய கல்யாணம் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் நடந்தது. தோட்டம் உழைக்கும் இடம், ஊர் வாழும் இடம் என்றிருந்தது.

1869இல் கோப்பி இலைகளில் தோன்றிய துரு நோய் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் சில நாளில் மறுபடி துளிர்த்துவிடும். ஆண்டு முழுவதும் பறிக்கக் கைகள் வேண்டும். அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவையாக இருந்தன. அதனால் துரைமார் குடும்பம் குடும்பமாக ஆள் கேட்டார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் அடுப்பும் தொட்டிலும் வந்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, வளர்ந்து, பேர் பதிந்தார்கள். மலையில் கல்யாணப் பந்தல் எழுந்தது இந்த மாற்றத்தால்தான்.

ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி பெரும்பாலும் தன் உறவினரையும் தன் ஊர்க்காரரையும் சாதிக்காரரையுமே அழைத்து வந்தார். அது அவர் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் வழி. கடனை அடைத்தால்தான் ஆளை விடுவிப்போம் என்று சீட்டு எழுதும் துண்டு முறையும், அந்தக் கடனும் தொழிலாளியைக் கங்காணியிடம் பிணைத்தன. ஆனால் அதே ஏற்பாட்டின் பக்கவிளைவாக, கப்பலில் வந்த கூட்டத்துக்குள்ளேயே மாமனும் மச்சானும் பங்காளியும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தார்கள். முழு உறவும் வரவில்லை, உறவின் விதை வந்திருந்தது.

மாமன் முதல் மச்சான் வரை

தென்னிந்திய உறவுமுறையை ஆராய்ந்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1949, 1950 ஆண்டுகளில் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்தவர். கொண்டு கொடுத்த உறவு ஒரு கல்யாணத்தோடு தீர்ந்துபோவதில்லை, அது தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்பது அவர் கண்டறிந்தவற்றுள் முக்கியமானது. மாமன் செய்யும் சீர் அந்தத் தொடர்ச்சியின் அடையாளம். தன் தங்கையைக் கொடுத்த வீட்டுக்கு அவர் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவர்.

தோட்டத்திலும் மாமனின் இடம் இதுவே. காதுகுத்துக்குப் பிள்ளை உட்காருவது மாமன் மடியில். மருமகள் பெரியவளானால் தண்ணீர் ஊற்றும் சடங்குக்கு முதல் சீர் அவருடையது. கல்யாணத்தில் மாமன் மாலையும் மாமன் பட்டும் வந்து சேரும் வரை பெண்ணை மணவறைக்கு அழைக்கமாட்டார்கள். கைப்பிடித்து அழைத்து வருபவரும் அவர்தான். தன் மகனுக்கு முறைப்பெண் என்ற உரிமையும் அவருக்கு உண்டு. வேறிடத்தில் பேசுவதானால் முதலில் மாமனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காமல் பேசிய கல்யாணங்களில், பந்தலுக்கு வெளியே வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கும் மாமனைச் சமாதானப்படுத்துவதிலேயே முகூர்த்தம் தள்ளிப்போகும். அண்டை வீட்டுச் சிங்களவரின் போறுவச் சடங்கிலும், மணமக்களின் விரல்களை நூலால் இணைத்து நீர் வார்ப்பவர் வழக்கமாகப் பெண்ணின் தாய்மாமன்தான். மலையின் இரண்டு சமூகங்களும் இந்த ஒரு மனிதரைத் தம் திருமணத்தின் நடுவில் நிறுத்தியிருக்கின்றன.

நாத்தனாரின் வேலை தாலி முடிச்சோடு தொடங்குகிறது. புதுப்பெண் வலதுகாலை எடுத்துவைக்கும் வாசலில் ஆலத்தி எடுப்பவளும் அவளே, புது வீட்டில் அடுப்பு எங்கே, தண்ணீர்ப் பீலி எங்கே என்று காட்டுபவளும் அவளே. முடிச்சுப் போட்டவள் இந்தப் பெண்ணுக்குப் பொறுப்பாளி என்பது சொல்லாமல் சொல்லப்படும் செய்தி. பிறகு சண்டை வந்தால், முடிச்சுப் போட்டது நீதானே என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

தோழன் விஷயத்தில் தமிழ்ப் பகுதிகளிடையே வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் பெண்ணின் சகோதரனே தோழன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்று, அவரிடமிருந்து மோதிரம் பெறுவான். மாப்பிள்ளையின் சகோதரி தோழியாக நின்று பெண்ணை அழைத்து வருவாள். கொங்கு நாட்டில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் என்ற தனிச் சடங்கே இருக்கிறது. அங்கே கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரரும் மணவீட்டாரின் சமூகத்துப் பெரியவர்தான். பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் கலந்த தோட்டங்களில் இப்படிப்பட்ட வழக்கங்கள் உரசி, ஒன்றோடொன்று சேர்ந்து, பொதுவான ஒரு வடிவத்துக்கு வந்தன. மைத்துனன் பெண்ணின் கையில் பொரி இடுவது நிலைத்தது. மாப்பிள்ளைக்குக் குடைபிடித்து, கைப்பிடித்து அழைத்து வருபவர் அக்காள் கணவராகவும் இருக்கலாம், கூட்டாளியாகவும் இருக்கலாம் என்றாயிற்று. கத்தோலிக்கக் குடும்பங்களில் பெஸ்ட்மேனும் பூப்போடும் சிறுமிகளும் முன்னரே இருந்தார்கள்; ஹட்டன் ஹோல்களில் நடக்கும் இந்துத் திருமணங்களிலும் இன்று அவர்களைப் பார்க்கலாம்.

மூத்த பெண்களின் பொறுப்பு இவை எல்லாவற்றையும்விடப் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாடல் நல்லாவூர் கிழார் பாடியது. அதில் வரும் திருமணத்தில் புரோகிதர் இல்லை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். அதோடு மணம் நிறைவேறுகிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்த நால்வரை லயத்து இஸ்தோப்பில் நலங்கு வைக்கும் பெண்களிடம் இன்றும் பார்க்கலாம். கொழுந்துக் கறை போகாத விரல்களால் பெண்ணின் கன்னத்தில் மஞ்சள் பூசி, காதருகே ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அய்யரின் மந்திரத்துக்கு முன்பே கல்யாணம் அங்கே தொடங்கிவிடுகிறது.

லயம் ஏற்ற வேலைகள்

தோட்டத் திருமணத்துக்கு உறவு மட்டும் போதாது, லயமும் வேண்டும். ஒரு காம்பராவில் முப்பது பேரை உட்கார வைக்க முடியாது. கல்யாணம் உறுதியானதும் பக்கத்துக் காம்பராக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒன்றில் அரிசியும் மளிகையும், ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார், ஒன்றில் தூங்கும் பிள்ளைகள். வாலிபர்கள் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு சுமந்து வந்து அடுக்குவார்கள். கிடாரம் கொதிப்பது அந்த விறகில்தான். பந்தலுக்கு மூங்கிலும் தார்ப்பாயும், தோரணத்துக்கு வாழையும் தென்னங்குருத்தும் கொண்டுவருவதும் அவர்கள் பொறுப்பு. தென்னை வளராத குளிர் மலையில் குருத்தோலைக்குக் கீழ்நாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். நள்ளிரவில் காய்கறி வெட்டும் பெண்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். அதற்கும் ஆள் குறித்திருப்பார்கள்.

இவற்றுக்குக் கூலி கிடையாது. ஆனால் கணக்கு உண்டு. வேலைநாளில் கல்யாணத்துக்கு நிற்பவர் அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளப் பதிவை, இழக்கிறார். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் இருந்த நாட்சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு பேர் சின்ன விஷயம் இல்லை. அதை அவர் கொடுப்பது, நாளை தன் மகளுக்கும் இதே கைகள் வரும் என்ற நம்பிக்கையில். மொய் எழுதுபவரின் சீ.ஆர். கொப்பி இந்த நம்பிக்கையின் எழுத்து வடிவம். பந்தல் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அவர், நல்ல கையெழுத்தும் நாணயமும் உள்ளவராக இருக்க வேண்டும். பெயர், தோட்டம், தொகை என்று வரிசையாக எழுதி, கடைசியில் கூட்டிப்போட்டு, பெண்ணின் தகப்பனாரிடம் கையளிப்பார். அந்தக் கொப்பி பெட்டியில் பத்திரமாக இருக்கும். அடுத்த அழைப்பு வரும்போது புரட்டிப் பார்த்து, வந்ததைவிடக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள்.

இந்த வேலைப் பிரிவினைக்குத் தோட்டத்திலேயே ஒரு பயிற்சியும் இருக்கிறது. மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தில் ரதிக்கும் மன்மதனுக்கும் தோட்டமே சேர்ந்து கல்யாணம் செய்துவைக்கிறது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பிரிந்து, சீர் எடுத்து, தாலி கட்டும் வரை நடக்கும் அந்தக் கூத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, கல்யாண வீட்டில் தான் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதல் தாம்பூலம் யாருக்கு?

பரிசம் போடும் நாளில் முதல் தாம்பூலத்தை யார் பெறுகிறார் என்பதைப் பார்த்தால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று சொல்லிவிடலாம். கங்காணிக் காலத்தில் அது பெரிய கங்காணிக்கு. கல்யாணச் செலவுக்குக் கடன் கொடுப்பவர் அவர். அந்தக் கடன் மணமக்களை மறுபடி அவரிடமே பிணைக்கும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்ட பின்னும் அவர் செல்வாக்கு உடனே மறையவில்லை.

1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கினார். 1939இல் பிறந்த இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கக் கிளை, பிறகு இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. தோட்டத்துக்குத் தோட்டம் சங்கத் தலைவர்கள் உருவானார்கள். முதல் தாம்பூலம் மெல்லத் தலைவரின் கைக்கு மாறியது. இரு வீட்டாருக்கும் நடுவே பேசி முடிப்பது, லொறிக்குத் துரையிடம் கேட்பது, பிள்ளைகள் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டால் இரு தரப்பையும் கோயிலுக்கு அழைத்து மாலை மாற்ற வைப்பது எல்லாம் அவர் வேலையாயின. கங்காணியைப் போல் அவர் கடன் கொடுப்பவர் இல்லை, சந்தா கட்டும் மக்கள் தேர்ந்தவர். மணமேடையில் நடந்த இந்த இடமாற்றத்தை மலையகத்தின் சமூக வரலாற்றில் ஒரு முக்கியமான அடியாகவே நான் கருதுகிறேன்.

ஒப்பாரிக் கோச்சியும் வெற்றிடமும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மாமன் ஒரு நாட்டுக்கும் மருமகள் ஒரு நாட்டுக்குமானார்கள்.

அதன் பிறகு நடந்த கல்யாணங்களில் மாலையோடு வர வேண்டிய மாமன் நீலகிரியில் இருந்தார். முடிச்சுப் போட வேண்டிய அக்கா கொடைக்கானல் பக்கம் இருந்தாள். 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. அப்போது லயம் ஒரு வழி கண்டது: முறை வைத்துக் கூப்பிடுவது. பத்து வருடமாக அண்ணன் என்று கூப்பிட்ட பக்கத்துக் காம்பராக்காரர் பெண்ணின் தாய்க்கு அண்ணனானார்; ஆகவே பெண்ணுக்கு மாமனானார். அவர் பட்டு எடுத்தார், மாலை போட்டார், கைப்பிடித்து அழைத்து வந்தார். அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவதும் அவர் கடமையாயிற்று. பொறுப்பை ஏற்றதால் உறவு பிறந்தது. சில வேளைகளில் அந்த உறவு சாதிக்கோட்டையும் தாண்டியது. ஒப்பந்தங்கள் பிரித்ததைப் பந்தல் இப்படித்தான் தைத்துக்கொண்டது.

விட வேண்டிய பொறுப்புகள்

இந்தக் கதையைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975இல் வெளியிட்ட நூல், சாதி கப்பலேறி வந்ததையும் தோட்ட வாழ்வில் தொடர்ந்ததையும் விரிவாகப் பதிவு செய்கிறது. பந்தலுக்கு வெள்ளை கட்டும் டோபி, மாப்பிள்ளைக்குச் சவரம் செய்பவர், தப்படிப்பவர் ஆகியோரும் கல்யாணத்தின் பொறுப்பாளர்களே. அவர்கள் இல்லாமல் மங்கலம் இல்லை என்றார்கள்; பந்தியில் மட்டும் அவர்களைக் கடைசியில் உட்கார வைத்தார்கள். பிறப்பால் சுமத்தப்பட்டு, மறுக்கும் உரிமை இல்லாத வேலையைச் சீர் என்று அழைக்க முடியாது. தப்பைத் தூக்க மாட்டோம் என்று இளைஞர்கள் மறுத்தது சரியான மறுப்பு. அதே தப்பை இன்று கலைஞராக, கூலி பேசி, மேடையில் நின்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதுவும் சரியே.

இன்னொரு அநீதி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணவனை இழந்து, நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து பறித்து மகளை வளர்த்த தாய், தாலி கட்டும் நேரத்தில் பந்தலின் பின்வரிசைக்குப் போய்விடுகிறாள். நலங்கு வைக்க அவள் கை கூடாது என்கிறார்கள். அந்தக் கையைவிட மங்கலமான கை அந்தப் பந்தலில் எது?

சாட்சி

கல்யாணக் கூட்டத்தின் ஆழமான பொறுப்பு சாட்சி சொல்வது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பிப்பவர் திருமணமானவரானால் 7 ஆண்டும், ஆகாதவரானால் 10 ஆண்டும் இடைவிடாத வதிவைக் காட்ட வேண்டும் என்றது. மனைவி மக்களின் வதிவையும் காட்டச் சொன்னது. தாலி கட்டிய நாளை லயம் முழுக்க அறியும். மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி கேட்டதோ காகிதம். பந்தலின் சாட்சியும் பதிவேட்டின் சாட்சியும் வெவ்வேறானதால் இம்மக்கள் கொடுத்த விலை பெரிது.

இன்றும் அந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நாட்டின் பொதுத் திருமணங்கள் பதிவாகின்றன. வழக்கப்படி நடந்த திருமணம் பதியாததாலேயே செல்லாமல் போவதில்லை. நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன. ஆனால் அதை நிறுவும் சுமை, பெரும்பாலும் கணவனை இழந்த பெண்ணின் தலையில் விழுகிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கணவனின் சேமலாப நிதி, கட்டிக் கொடுக்கும் வீட்டின் உரிமை என்று ஒவ்வொரு வாசலிலும் அதே காகிதத்தைக் கேட்கிறார்கள். 1995இல் திருமண வயது 18 ஆக உயர்த்தப்பட்டது. பதிவாளர் கேட்கும் பிறப்புச் சான்றிதழ், படிக்க வேண்டிய பெண்ணைக் காக்கும் வேலியாகவும் இருக்கிறது.

ஆகவே மலையகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைவர் முதல் தாம்பூலத்தை வாங்கும் முன் பெண்ணின் வயதைக் கேட்கட்டும். விதவைத் தாய் தன் மகளுக்கு முதல் நலங்கு வைக்கட்டும். மாமன் பட்டோடு வரும்போது தன் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வரட்டும். தாலிக்கு மூன்று முடிச்சு. பதிவேட்டுக்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. மாமனும் நாத்தனாரும் அந்தக் கையெழுத்தையும் தங்கள் சீர்வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.